யார் உண்மையான கிறிஸ்தவன்? பெண் வீட்டார் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பரம்பரையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம், பள்ளிக்கூட வயதில் திடப்படுத்தல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில். உங்களுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. “மாப்பிள்ளை இன்னும் இரட்சிக்கப்படவில்லை, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்” என்கிறார்கள். உங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நண்பரோ, “நீங்க ரெண்டு பேருமே தாய்ச்சபையை விட்டுப் போனவங்கதான்” என்கிறார். அப்படியானால் உண்மையான கிறிஸ்தவன் யார் என்பது உங்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை உறுப்பினராகச் சேர்க்க என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு சபைக்கும் உண்டு. அவர் உண்மையான கிறிஸ்தவரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்தச் சபைக்கும் கிடையாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும்போதுதான் வீடுகள் உடைகின்றன. திருச்சபை வரலாற்றை நெடுநாள் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்வேன். உண்மையான கிறிஸ்தவன் யார் என்று தொடங்கிய சண்டைகளில் பெரும்பாலானவை, யாரோடு நான் உட்காராமல் இருக்கலாம் என்பதில்தான் போய் முடிந்திருக்கின்றன.

இப்போது ஒவ்வொருவரும் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று பார்ப்போம்.

ஞானஸ்நானம்தான் கோடு என்பவர்கள் மாற்கு 16:16-ஐக் காட்டுவார்கள்: “விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்.” விசுவாசம் முதலில் வருகிறது, ஞானஸ்நானம் பிறகு வருகிறது, பச்சைக்குழந்தை எப்படி விசுவாசிக்கும் என்பது பெண் வீட்டாரின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உங்கள் பக்கத்தார் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தின் சிறைச்சாலைக்காரனைக் காட்டுவார்கள். அவனும் அவனுடைய வீட்டார் அனைவரும் அந்த இராத்திரியிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வீட்டில் குழந்தைகளே இல்லை என்று யார் சொன்னது என்று கேட்பார்கள். அடுத்த வசனத்திலேயே ‘தன் வீட்டார் அனைவரோடுங்கூடத் தேவனிடத்தில் விசுவாசமுள்ளவனாகி’ என்று இருக்கிறதே என்று பெண் வீட்டார் திருப்புவார்கள். இந்த வழக்கை வசனத்தை மட்டும் வைத்து யாரும் முடித்ததில்லை, இனியும் முடிக்கப்போவதில்லை.

ஆனால் ஞானஸ்நானமே எல்லை என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்களை நான் நாகர்கோவிலுக்கு அழைத்துப்போக விரும்புவேன். அங்கே காதரின் பூத் மருத்துவமனையை நடத்துவது இரட்சணிய சேனை. அந்தச் சபையில் ஞானஸ்நானமே கிடையாது, முழுக்கும் இல்லை, தெளிப்பும் இல்லை. திருவிருந்தும் இல்லை. 1883-லேயே சடங்குகளை நிறுத்திவிட்டார்கள். ‘போர்வீரராக’ சேர்கிறவர் கொடியின் கீழ் நின்று உறுதிமொழி எடுப்பதோடு சரி. அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களும் பிழைத்தவர்களும் குமரி மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். சடங்குகளே இல்லாமல் கூடி ஜெபிக்கும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினரும் இப்படித்தான். தண்ணீர்தான் கோடு என்றால் இவர்கள் அத்தனை பேரும் வெளியே. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனும் வெளியே.

சரி, அறிக்கைதான் கோடு என்று வைத்துக்கொள்வோம். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் வகுத்த விசுவாசப் பிரமாணத்தை ஏற்றுக்கொள்கிறவர் கிறிஸ்தவர் என்பது ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், ஆர்த்தடாக்ஸ் எல்லாரும் பொதுவாகச் சொல்வது. திரித்துவத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகளை மற்ற சபைகள் ஏற்காததற்கு இதுவே காரணம். மார்மோன் சபையின் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் அறிவித்ததும் இதனால்தான். இந்தக் கோடு தெளிவானது, எனக்கும் இது வேண்டும். ஆனால் யாக்கோபு தம் நிருபத்தில் ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவாம். இதில் இன்னொன்று, பெந்தெகொஸ்தே சபைகளுக்குள்ளேயே இந்தக் கோடு குறுக்கே ஓடுகிறது. ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், திரித்துவம் இல்லை என்று சொன்னவர்கள் 1916-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையிலிருந்து பிரிந்தார்கள். அந்தப் பிரிவினருடைய பார்வையில் உங்கள் வருங்கால மாமனாரின் முழுக்கே செல்லாததாக இருக்கலாம்.

மூன்றாவது கோடு அனுபவம். மறுபடியும் பிறந்தீர்களா, எந்தத் தேதியில், அந்நிய பாஷை பேசினீர்களா என்று கேட்பார்கள். நான்காவது நடத்தை. நகை போடக்கூடாது, சினிமா பார்க்கக்கூடாது, சில சபைகளில் தாலியும் கூடாது. நகைக்கு 1 பேதுரு 3:3-ஐ எடுப்பார்கள். 1923-இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் இந்தக் கண்டிப்பில் பெயர் பெற்றது. வெள்ளையுடை, மணமாகாத ஊழியர்கள், நகையில்லாத விசுவாசிகள் என்று இன்றும் அதை ஊரில் பார்த்தாலே அடையாளம் தெரியும். நகையைக் கழற்றியதால் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமையாவது வித்தியாசம் தெரியாமல் போனது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் கழற்றியவர் கழற்றாதவரைப் பார்த்து ‘பெயர்க்கிறிஸ்தவர்’ என்று சொல்லத் தொடங்கிய இடத்தில் அந்த நல்லது கெட்டுப்போகிறது.

இதெல்லாம் புதுசு இல்லை. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்தியோகியாவில் என்று அப்போஸ்தலர் 11:26 சொல்கிறது. யார் சரியான கிறிஸ்தவர் என்ற முதல் பகிரங்கச் சண்டையும் அதே அந்தியோகியாவில்தான் நடந்தது. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பேதுரு அங்கே யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், விருத்தசேதனக்காரரான யூதருக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. எந்த உபதேசத்தையும் அவர் மறுக்கவில்லை, இயேசுவைத் தெரியாது என்று அந்த முறை சொல்லவும் இல்லை. பந்தியைவிட்டு எழுந்துகொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொள்கிறார். சொல்லும் காரணம் என்ன? அவர்கள் ‘சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாததை’ கண்டாராம். சுவிசேஷமே அங்கே ஆபத்தில் இருப்பதாக அவருக்குத் தெரிகிறது. ஒரு சாப்பாட்டுப் பந்திக்கு இவ்வளவு பெரிய வார்த்தை! இது எனக்கு எப்போதும் முக்கியமாகவே பட்டிருக்கிறது. பின்னால் வரப்போகிறது, மனதில் வையுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வட ஆப்பிரிக்காவில் நடந்தது, நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. தொனாத்தியர் வழக்கு என்பார்கள்.

303-இல் ரோமப் பேரரசன் தியோக்லீசியன் ஆணையிட்டான்: கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்து எரிக்க வேண்டும். அந்த வருடம் மே 19-ஆம் தேதி சிர்த்தா என்ற ஊரில், இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்தந்தீன் நகரில், அதிகாரிகள் சபை கூடும் வீட்டைச் சோதனை போட்டார்கள். அந்தச் சோதனையின் பதிவேடு இன்றுவரை தப்பியிருக்கிறது. பொன் பாத்திரம் 2, வெள்ளிப் பாத்திரம் 6, பெண்களுக்கான உடுப்பு 82, ஆண்களுக்கான உடுப்பு 16, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த துணிமணியாகத்தான் இருக்க வேண்டும். புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, சபையில் வேதம் வாசிக்கிற வாசகர்களிடம் இருக்கிறது என்றார் ஆயர். வாசகர்களின் பெயரைச் சொல்லச் சொன்னபோது இரண்டு உதவியாளர்கள், “நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் அல்ல, எங்களைக் கொல்லச் சொல்லுங்கள்” என்றார்கள். அப்புறம் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வாசகர் வீட்டில் அவர் மனைவி ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வாசலில் அதிகாரிகள், பதிவு எழுதும் குமாஸ்தா. அவர் கிறிஸ்தவரா இல்லையா? கார்த்தேஜின் ஆயர் வேறொரு வழி பார்த்தார். நல்ல புத்தகங்களை ஒளித்துவிட்டு, சபை ஏற்காத துர்உபதேசப் புத்தகங்களை எடுத்துப்போக விட்டார். அவர் செய்தது சாமர்த்தியமா, துரோகமா?

உபத்திரவம் ஓய்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. புத்தகத்தை ஒப்படைத்தவர்களுக்கு ‘ஒப்படைத்தவர்’ என்றே பட்டம். 311 வாக்கில் கார்த்தேஜுக்குச் செசிலியன் என்பவர் ஆயரானார். அவர் தலைமேல் கைவைத்து அவரை ஆயராக்கியவர்களில் ஒருவர் ஒப்படைத்தவர், ஆகவே இந்த நியமனம் செல்லாது, இவர் கொடுக்கிற ஞானஸ்நானமும் செல்லாது என்று ஒரு சாரார் வேறு ஆயரை நிறுத்தினார்கள். அந்த ஆயருக்குப் பின் வந்தவர் தொனாத்துஸ், அவர் பெயரே இயக்கத்துக்கு நிலைத்தது. 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் செசிலியன் பக்கம் தீர்ப்பளித்தது. தொனாத்தியர் ஏற்கவில்லை. பரிசுத்தவான்களின் சபை நாங்கள்தான், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துத்தான் சேர்ப்போம் என்றார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். உயிருக்குப் பயந்தவர்கள் ஆயர் நாற்காலியில் உட்காருவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் சொன்ன பதில்தான் உங்களுக்கு வேண்டியது. ஞானஸ்நானம் கொடுப்பவர் நல்லவராக இருப்பதால் அது செல்லுபடியாவதில்லை. அது கிறிஸ்துவினுடையது, கொடுக்கிற கை யாருடையதாக இருந்தாலும். “உன் ஐயரே (போதகரே) இரட்சிக்கப்படாதவர், அவர் கொடுத்த ஞானஸ்நானம் என்ன ஞானஸ்நானம்?” என்று உங்களிடம் யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து எழுநூறு, பதிலும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. அவர் சொன்ன இரண்டாவது விஷயம் மத்தேயு 13-ஆம் அதிகாரத்தின் களைகள். கோதுமையும் களையும் அறுப்புவரை சேர்ந்தே வளரட்டும், இப்போதே பிடுங்கினால் கோதுமையும் வேரோடு வந்துவிடும். சபை இரண்டும் கலந்தது. பிரிப்பது அறுக்கிறவர்களின் வேலை.

411-இல் கார்த்தேஜில் இரு தரப்பும் நேருக்கு நேர் சந்தித்தன. ஒவ்வொரு பக்கத்திலும் 280-ஐ ஒட்டிய ஆயர்கள். பேரரசின் பிரதிநிதி மார்செல்லினுஸ் நடுவர். எல்லாரையும் உட்காரச் சொன்னார். தொனாத்தியர் மறுத்தார்கள்: துன்மார்க்கரோடு உட்காரமாட்டேன் என்று 26-ஆம் சங்கீதத்தில் எழுதியிருக்கிறது, நாங்கள் நிற்கிறோம். மறுதரப்பும் மரியாதைக்கு நின்றது, நடுவரும் நின்றார். ஒரே வேதத்தை வாசிக்கிற, ஒரே பிரமாணத்தைச் சொல்கிற, ஒரே விதமாக ஞானஸ்நானம் கொடுக்கிற ஆயர்கள், ஒரே மண்டபத்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வாதாடினார்கள்.

தீர்ப்பு தொனாத்தியருக்கு எதிராக வந்தது. அடுத்த வருடமே அவர்களுக்கு அபராதம் விதித்துச் சட்டம் வந்தது. இங்கேதான் அகுஸ்தீனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ‘உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்ற லூக்கா 14-இன் விருந்து வசனத்தைக் காட்டி, அரசாங்கம் பலவந்தமாக அவர்களைச் சேர்க்கலாம் என்று அவர் நியாயம் சொன்னார். களையைப் பிடுங்காதே என்று அழகாகப் பேசியவரே பிடுங்க ஆள் அனுப்பியதுபோல் ஆயிற்று. பிற்காலத்தில் எத்தனையோ கொடுமைக்கு அந்த வாதத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒன்று உங்கள் மாமனார் வீட்டாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். சூரிச்சில் 1525-இல் சிலர் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிப் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5-ஆம் தேதி, கையைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தம் பேசிய புராட்டஸ்டன்ட் நகர மன்றம், அதாவது நம்ம பக்கம். குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரித்துப் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுவது நமக்கு நல்லது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி முதலில் பெரிதாக வெடித்தது மதுரையில். 1606-இல் அங்கே வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, தம்மிடம் சேர்ந்த உயர்சாதியார் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். மதுரையில் ஏற்கெனவே பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்துவந்த மூத்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் இதைக் கண்டு கொதித்து மேலிடத்துக்கு எழுதினார். குடுமியோடு ஒருவன் கிறிஸ்தவனாக இருக்க முடியுமா என்பதே வழக்கு. 1623-இல் போப் 15-ஆம் கிரகோரி, நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். அதே ஆணையில், உயர்குலத்தார் எளியவர்களை இழிவாக நடத்தக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

நொபிலி ஒரு பாதியில் சரியாகவே பேசினார் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவனாக ஒருவன் ஐரோப்பியனாக மாற வேண்டியதில்லை. எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடி விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று முடிவு செய்ததன் நேர்த் தொடர்ச்சி அது. ஆனால் மற்ற பாதியில் அவர் வழி பேதுருவின் வழியாக ஆகிவிட்டது. உயர்சாதியாருக்குத் தனிக் கோயில், தனிக் குருக்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள் போய் நோயாளிக்கு அருட்சாதனம் கொடுக்கக்கூடத் தயங்குகிற நிலை வந்து, 1704-இல் ரோமின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் அதைக் கண்டித்து ஆணையிட வேண்டியிருந்தது. குடுமி கிறிஸ்தவமா என்று ஒரு நூற்றாண்டு வாதாடியவர்கள், பந்தியைவிட்டு விலகி உட்காருவது கிறிஸ்தவமா என்ற கேள்வியை ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

புராட்டஸ்டன்ட் பக்கம் வேறு மாதிரி இருந்ததா என்றால், இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நமக்கு எவ்வளவு பெரிய கவி! அவருடைய கீர்த்தனை இல்லாமல் நம்ம கோயிலில் ஆராதனை ஏது? அவர் 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணம் சாவுக்குப் பூ கூடாது என்கிறார்கள், தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள், சாதி பாராமல் கலந்து உட்காரச் சொல்கிறார்கள் என்று. முதல் மூன்றிலும் நான் சாஸ்திரியார் பக்கம். நான்காவதில் இல்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றிலுமாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கூட்டம் கூட்டமாக வெளியே போனார்கள். பிற்பாடு சாதி விஷயத்தில் மென்மையாக இருந்த ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனில் பலர் சேர்ந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-இல் தேவசகாயம் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம், 1752-இல் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவருடைய பெயரிலிருந்து ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயரை நீக்கியே அறிவித்தார்கள். அதே ஊரில் 1872-இல் கட்டிய கோயில் கால்சட்டைபோல இரண்டு கால்களாக இருந்தது. ஒரு கால் வெள்ளாளருக்கு, ஒரு கால் நாடாருக்கு, நடுவே சுவர், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். இருபக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் கண்டார்கள். 1910-இல் பங்குக்குரு அந்தச் சுவரை இடித்தார். இடித்ததற்கு வழக்கு! சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், கோயிலுக்குள் சாதி உரிமை கோர முடியாது என்று தீர்ப்பானது. அந்தக் கோயிலில் சுவர் போனது, வேறு ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எல்லாம் போய்விடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த சுவரைப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் 1857-ஆம் வருட மன்றம், எல்லாரும் ஒன்றாகக் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ கறுப்பினத்தாருக்குத் தனி இடத்தில் ஆராதனை நடத்தலாம் என்றும் விட்டுக்கொடுத்தது. அந்தச் சலுகை வளர்ந்து தனித்தனிச் சபைகளாகி, நிறவெறி ஆட்சிக்கு வேத நியாயமாகவே நின்றது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை நியாயப்படுத்துவது துர்உபதேசம் என்று அறிவித்து, அதை ஆதரித்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது.

கோடு போடுவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள், தம்பி. ஒட்டாவாவில் போட்டது சரியான கோடு. தப்பான உபதேசம் சொன்னதால் மட்டும் அல்ல, பந்தியைவிட்டு எழுந்துகொண்டு அதற்குச் சுவிசேஷத்தின் பெயரைக் கொடுத்ததால் அந்தச் சபைகளை நிறுத்தினார்கள். அந்தியோகியாவில் பவுல் செய்ததும் இதைத்தான். உன்னோடு உட்காரமாட்டேன் என்கிறவனைப் பார்த்து, நீ நடப்பது சுவிசேஷத்தின்படி இல்லை என்று சொல்ல வேதம் இடம் கொடுக்கிறது. நெஞ்சில் விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப்பார்க்க இடம் கொடுக்கவில்லை.

பெண் வீட்டாரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கேட்கிற அடிப்படைக் கேள்வி பொய் இல்லை. பரம்பரைப் பெயரும் குடும்பக் கல்லறையும் இருந்தால் போதும், கிறிஸ்தவன்தான் என்ற அசட்டுத் தைரியம் நம்ம சபைகளில் நிறையவே உண்டு. ‘கர்த்தாவே! கர்த்தாவே!’ என்று சொல்லுகிறவன் எவனும் பரலோக ராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னது நம்மைப் பார்த்தும்தான். பரம்பரைச் சபைகளில் பின் வரிசைகூடக் கிடைக்காத எத்தனையோ பேருக்குப் பெந்தெகொஸ்தே சபையில்தான் முன்னால் உட்கார்ந்து சாட்சி சொல்ல இடம் கிடைத்தது. அதை அவர்கள் இரட்சிப்பு என்று சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே மத்தேயு 7-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே தள்ளப்படுகிறவர்கள் பெயர்க்கிறிஸ்தவர்கள் அல்ல. தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், பிசாசு துரத்தினவர்கள், அற்புதம் செய்தவர்கள்.

இனி நீங்கள் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

கல்யாணத்துக்காக முழுக்கு எடுக்காதீர்கள். பெண் வீட்டாரின் சொந்த உபதேசப்படியே அது தப்பு. விசுவாசித்தவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொல்கிறவர்கள், மாமனாரைத் திருப்திப்படுத்த எடுக்கிற முழுக்கை எப்படி ஏற்க முடியும்? இதை அவர்களிடமே மரியாதையாகக் கேளுங்கள். பிற்பாடு எப்போதாவது, யாரும் கட்டாயப்படுத்தாமல், குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று உங்கள் மனசாட்சி உறுதியாகச் சொன்னால் அது வேறு விஷயம். அப்போதும் உங்கள் ஐயரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சி.எஸ்.ஐ. மறுஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. 1982-இல் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆவணமும் ஞானஸ்நானம் திரும்பச் செய்யக் கூடாதது என்றே சொல்கிறது. மறைவாக எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சேர்ந்து வாழ முடியுமா என்ற பயம் இருந்தால், முடியும். 1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன்களும் பாப்டிஸ்டுகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகளின் ஞானஸ்நானம் இரண்டுக்கும் ஒரே சபையில் இடம் கொடுத்து ஐம்பது வருடத்துக்கு மேல் நடத்தியும் வருகிறார்கள். ஆர்.சி. நண்பருக்கும் ஒன்று சொல்லுங்கள். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவை விசுவாசித்து முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சபையாரும் கத்தோலிக்கச் சபையோடு, முழுமையற்றதானாலும், ஒரு உறவில் இருக்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறது. அவருடைய சபையே அவரைவிடத் தாராளமாகப் பேசுகிறது.

பெண்ணிடம் நேராகப் பேசுங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்தச் சபைக்குப் போவது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எப்போது, உங்கள் அம்மா திருவிருந்துக்கு வரும்போது அவர் பக்கத்தில் உட்காருவாரா, அவருடைய அப்பா உங்கள் வீட்டு அடக்க ஆராதனைக்கு வருவாரா என்று இந்த நாலையும் இப்போதே பேசிவிடுங்கள். பதில் பிடிக்காவிட்டாலும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்தவ மதத்தைத் தம் மதம் என்று அறிக்கையிடுகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. முழுக்கா தெளிப்பா என்று அது கேட்பதில்லை. கோயிலில் நடத்துவதாக இருந்தால் ஓலை வாசிப்பதற்கு (ஆராதனையில் திருமண அறிவிப்பு செய்வதற்கு) வேண்டிய வாரங்களைக் கணக்கில் வைத்து ஐயரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெண் வீட்டார் சபையில் நடத்துவதாக இருந்தால், அவர்களுடைய பாஸ்டருக்கு அந்தச் சட்டப்படி திருமணம் நடத்த உரிமம் இருக்கிறதா என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனிச் சபைகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இல்லாமல் நடத்திவிட்டால் பிறகு சான்றிதழுக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.